சன் சிற்றியில் பாட மறுத்தோர்: 1985ஆம் ஆண்டின் இசை வீடியோ ஒன்று பற்றிய வரலாற்று நோக்கு

1. முன்னுரை

வெகுசனத் தொடர்புச் சாதனங்களின் வழியே பரவும் பாடல்களை 'வணிகக் கேளிக்கை' என்ற ஒற்றைத் தொடரால் ஒதுக்கிவிடும் வழக்கம் நமது ஆய்வுலகில் நெடுங்காலமாக நிலவிவந்துள்ளது. நாட்டார் பாடலுக்கும் கூத்துக்கும் கிடைத்த கவனம், நகரத்து ஏழை மக்களின் வாழ்விலிருந்து தோன்றி ஒலிப்பதிவுக்கூடங்களின் வழியே உலகெங்கும் சென்ற இசைவடிவங்களுக்குக் கிடைக்கவில்லை. அவற்றுள்ளும், இசைத்தட்டை விற்பதற்கென்றே எடுக்கப்படும் இசை வீடியோ விளம்பரத்தின் உடன்பிறப்பாகவே கருதப்பட்டது. இக்கருத்தில் உண்மை உண்டு. ஆயினும், ஒரு கலைவடிவம் எத்தேவையின் பொருட்டுத் தோன்றியது என்பதும், குறித்தவொரு வரலாற்றுச் சூழலில் அது எதற்குப் பயன்பட்டது என்பதும் வெவ்வேறு வினாக்களாகும்.

இவ்விரண்டாவது வினாவை எழுப்புவதற்கு ஏற்ற எடுத்துக்காட்டாக அமைவது, 1985ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வெளிவந்த 'சன் சிற்றி' என்னும் பாடலும் அதன் வீடியோவுமாகும். 'இனவொதுக்கலுக்கு எதிரான ஒன்றிணைந்த கலைஞர்' என்ற பெயரில் ஐம்பதிற்கு மேற்பட்ட கலைஞர்கள் இம்முயற்சியிற் பங்குகொண்டனர். அமெரிக்காவின் ராப் கலைஞரும் ரொக் பாடகரும் ஜாஸ் மேதைகளும், அயர்லாந்து, இங்கிலாந்து, ஜமேக்கா, பனாமா, அவுஸ்திரேலியா, நைஜீரியா, தென்னாபிரிக்கா ஆகிய நாடுகளின் இசைஞரும் அவர்களுள் அடங்குவர். அக்காலத்துக் கூட்டுப் பாடல்கள் கேட்போரிடம் பணம் வேண்டி நின்றன. இப்பாடலோ முதற்கண் பாடுவோரிடமே ஓர் இழப்பை வேண்டி நின்றது. இவ்வேறுபாடு எவ்வாறு தோன்றிற்று, அது பாடலினதும் படத்தினதும் வடிவத்தில் எவ்வாறு வெளிப்பட்டது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. சன் சிற்றி என்னும் இடம்

பாடலின் பெயர் ஓர் உல்லாச விடுதியின் பெயராகும். அதன் பொருளை உணர்வதற்குத் தென்னாபிரிக்க அரசின் 'தாயகக்' கொள்கையைச் சிறிது நோக்குதல் வேண்டும். நாட்டின் பெரும்பான்மையினரான ஆபிரிக்கருக்கு ஒதுக்கப்பட்ட நிலம் மொத்த நிலப்பரப்பில் ஏறத்தாழ 13 வீதமாகவே இருந்தது. இந்நிலத்துண்டுகளை இனக்குழு வாரியாகப் பிரித்து, அவற்றுக்குச் 'சுதந்திரம்' வழங்குவதாகக் கூறி, ஆபிரிக்கரின் தென்னாபிரிக்கக் குடியுரிமையைப் பறிப்பதே இக்கொள்கையின் சாரமாகும். 1977ஆம் ஆண்டு டிசம்பரில் 'சுதந்திர நாடு' எனப் பிரகடனஞ் செய்யப்பட்ட பொப்புதட்ஸ்வானா இவ்வாறு உருவாக்கப்பட்டவற்றுள் ஒன்று. ஒன்றோடொன்று தொடாத பல துண்டுகளாய்ச் சிதறிக்கிடந்த இந்நாட்டைத் தென்னாபிரிக்காவும் ஏனைய 'தாயகங்களும்' தவிர வேறெவ்வரசும் அங்கீகரிக்கவில்லை. தலைமுறைகளாக யோகனஸ்பேர்க்கில் உழைத்து வாழ்ந்த சுவானா மொழியினர், ஒரே நாளில், தாம் காணாத ஒரு நாட்டின் குடிகளாக்கப்பட்டனர்.

தென்னாபிரிக்காவிற் சூதாட்டம் சட்டத்தினால் தடைசெய்யப்பட்டிருந்தது. பொப்புதட்ஸ்வானா 'வேறு நாடு' ஆதலின் அத்தடை அங்கு செல்லாது. இவ்வசதியைப் பயன்படுத்தி, சொல் கேர்ஸ்னர் என்னும் விடுதி முதலாளி 1979 டிசம்பரில் அங்கு சன் சிற்றியைத் திறந்தார். சூதாட்ட மண்டபங்களோடு பேரரங்கு ஒன்றும் அமைக்கப்பட்டது. 1981இல் பிராங் சினாட்ரா அங்கு பாடினார். 1983இல் எல்ரன் ஜோன், லிண்டா ரொன்ஸ்ராட் ஆகியோரும் 1984 ஒக்ரோபரில் குயீன் குழுவினரும் பாடினர்.

இவ்விடத்திற் கலைப் புறக்கணிப்பின் வரலாற்றையும் சுட்டுதல் பொருத்தமாகும். தென்னாபிரிக்காவில் நிகழ்ச்சி நடத்துவதைக் கலைஞர் தவிர்க்க வேண்டுமென்று 1954ஆம் ஆண்டிலேயே திரெவர் ஹடில்ஸ்ரன் பாதிரியார் வேண்டுகோள் விடுத்தார். 1980 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை கலைப் புறக்கணிப்பை வலியுறுத்தித் தீர்மானம் நிறைவேற்றியது. தென்னாபிரிக்காவில் நிகழ்ச்சி நடத்தியோரின் பெயர்ப் பட்டியலொன்று 1983 முதல் வெளியிடப்பட்டது. இந்நிலையிலேயே சன் சிற்றி தென்னாபிரிக்க ஆட்சியாளருக்குப் பயன்பட்டது. 'நாம் தென்னாபிரிக்காவிற் பாடவில்லை, பொப்புதட்ஸ்வானாவிலேயே பாடினோம்' என்று கலைஞன் கூறிக்கொள்ளலாம். அவ்வாறு அவன் கூறும் ஒவ்வொரு முறையும், உலகில் எவரும் ஏற்காத போலி நாடொன்றுக்கு ஓர் அங்கீகாரம் கிடைத்தது. அங்கு வழங்கப்பட்ட பெருந்தொகை, பாட்டுக்கு மட்டுமன்றி இவ்வங்கீகாரத்துக்கும் கொடுக்கப்பட்ட விலையெனலாம்.

3. ஹிப்-ஹொப்பும் கூட்டுப்படைப்பு முறையும்

ஹிப்-ஹொப் பண்பாட்டின் தொடக்கம் நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியில் 1973 ஓகஸ்ற் 11ஆம் திகதி நடைபெற்ற ஒரு விருந்திலிருந்து கணிக்கப்படுவது வழக்கம். அங்கு இசைத்தட்டுகளை இயக்கிய கூல் ஹேர்க் ஜமேக்காவிற் பிறந்தவர். இசைத்தட்டின் தாளப்பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, இரு தட்டுகளின் உதவியால் அதனை நீட்டி ஒலிக்கச் செய்தமை அவரது சாதனையாகும். அத்தாளத்தின் மீது பேச்சோசையிற் பாடும் மரபும் வளர்ந்தது. இசைக்கருவி வாங்க வசதியற்ற, தொழில் வாய்ப்புக் குன்றிய, எரிந்தழிந்த குடியிருப்புகளைக் கொண்ட ஒரு பகுதியில், பிறர் உருவாக்கிய ஒலிகளையே மூலப்பொருளாகக் கொண்டு புதியதோர் இசை உருவாக்கப்பட்டது.

இவ்வுற்பத்தி முறை தொடக்கந்தொட்டே நாடுகளின் எல்லைகளைக் கடந்ததாக இருந்தது. 1982இல் வெளிவந்த 'பிளானற் ரொக்' என்னும் பாடலில், ஜேர்மனியின் கிராவ்ற்வேர்க் குழுவினரது இசை நியூயோர்க் கறுப்பு இளைஞரின் குரலோடு இணைந்தது. அப்பாடலைத் தயாரித்த ஆதர் பேக்கரே பின்னர் 'சன் சிற்றி'யின் இணைத் தயாரிப்பாளரானார். அதே ஆண்டில் வெளிவந்த 'த மெசேஜ்' நகர வறுமையை நேரடியாகப் பேசிற்று. அதன் முக்கிய குரல்களான மெலி மெல், டியூக் பூற்றி ஆகிய இருவரும் 'சன் சிற்றி'யிலும் பங்குகொண்டனர்.

இசை வீடியோவின் வரலாறு வேறு திசையிற் சென்றது. 1981 ஓகஸ்ற் 1ஆம் திகதி ஒளிபரப்பைத் தொடங்கிய எம்.ரி.வி., தன் முதலாண்டுகளிற் கறுப்பினக் கலைஞரின் படங்களைப் பெரிதும் புறக்கணித்ததெனக் கடுமையான கண்டனத்துக்குள்ளாயிற்று. 1983இல் ஹேர்பி ஹான்கொக்கின் 'ரொக்கிற்' வீடியோவை ஆங்கிலேயரான கெவின் கொட்லியும் லொல் கிரீமும் இயக்கினர். படம் முழுவதிலும் பொறிமனிதரே ஆடுகின்றனர். பாடலின் கர்த்தா ஒரு தொலைக்காட்சிப் பெட்டியின் திரைக்குள் மட்டுமே தென்படுகிறார். கறுப்புக் கலைஞனின் முகத்தைச் சிறு திரையொன்றினுள் ஒதுக்கிய இப்படம் அக்காலத் தொலைக்காட்சியில் நிலவிய நிற எல்லையைச் சாட்சியப்படுத்துகின்றது எனக் கொள்ளலாம். ஈராண்டுகளின் பின் இதே இயக்குநர் இருவரும், இதே ஹான்கொக்கும், 'சன் சிற்றி' முயற்சியில் மீண்டும் சந்தித்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

4. பாடலின் உருவாக்கம்

பாடலை எழுதியவர் ஸ்ரீவன் வான் சாண்ட். புரூஸ் ஸ்பிறிங்ஸ்ரீனின் குழுவிற் கிற்றார் வாசித்தவரான அவர், அக்குழுவினின்றும் விலகித் தமது பாடல்களில் அரசியலை எடுத்தாளத் தொடங்கிய காலம் அது. 1977இல் பொலிஸ் காவலில் இறந்த ஸ்ரீவ் பிக்கோவைப் பற்றிப் பீற்றர் கேப்ரியல் 1980இல் வெளியிட்ட பாடலே தென்னாபிரிக்கா பற்றி அவரைச் சிந்திக்கத் தூண்டியது. அவர் தென்னாபிரிக்கா சென்று நிலைமையை நேரிற் கண்டார். 'தாயகங்கள்' அமெரிக்கச் செவ்விந்தியரின் ஒதுக்கு நிலங்களை அவருக்கு நினைவூட்டின. இவ்வொப்புமை முக்கியமானது. தூரதேசமொன்றின் கொடுமையைத் தமது நாட்டின் வரலாற்றுக் குற்றத்தோடு இணைத்துக் காணும் பார்வை அதிலிருந்தே பிறந்தது.

1985 ஜனவரி 28ஆம் திகதி இரவு, எதியோப்பியப் பஞ்சத்துக்கு நிதி திரட்டும் நோக்குடன் 'வீ ஆர் த வேர்ல்ட்' என்னும் பாடல் லொஸ் ஏஞ்சல்ஸில் ஒலிப்பதிவு செய்யப்பட்டது. பெரும் புகழும் பெருந்தொகை நிதியும் ஈட்டிய அப்பாடல் பட்டினியைப் பேசியது, பட்டினியின் காரணத்தைப் பேசவில்லை. ராப் கலைஞர் எவரும் அதற்கு அழைக்கப்படவுமில்லை. தொலைக்காட்சிச் செய்தியாளரான டனி ஷெக்ரர், தென்னாபிரிக்கா குறித்து இத்தகைய ஆனால் வேறு நோக்குடைய கூட்டுப் பாடலொன்றை உருவாக்கலாம் எனக் கூறினார். வான் சாண்ட், பேக்கர், ஷெக்ரர் ஆகிய மூவரும் பல மாதங்களாகக் கலைஞரைத் தேடி ஒன்றுசேர்த்தனர்.

'வீ ஆர் த வேர்ல்ட்' ஒரே இரவில், ஒரே கூடத்தில், ஒரு பாடகர் குழுவாகப் பாடப்பட்டது. 'சன் சிற்றி' வெவ்வேறு வேளைகளிற் பதிவான குரல்களைப் பல்தடப் பதிவுநாடாவில் ஒன்றன்மேலொன்றாய் அடுக்கி உருவாக்கப்பட்டது. முன்னதன் வடிவம் தேவாலயப் பாடற்குழுவின் வடிவம். பின்னதன் வடிவம் தெருமூலையில் ஒருவர் முடித்த இடத்தில் மற்றவர் தொடங்கும் ராப் மரபின் வடிவம். பாடலைத் தொடங்குவோரும் ராப் கலைஞரே. ரன்-டி.எம்.சி., மெலி மெல், குர்ட்டிஸ் புளோ முதலியோரின் குரல்கள் முதலில் வர, அவற்றைத் தொடர்ந்தே டேவிட் ரஃபின், பற் பெனற்றார், ஸ்பிறிங்ஸ்ரீன் போன்றோரின் குரல்கள் ஒலிக்கின்றன. ராப் இசைக்கு மூலமாயமைந்த ஜமேக்கப் பேச்சிசை மரபின் மூத்த கலைஞரான பிக் யூத்தும் இதிற் பங்குபற்றினார். அமெரிக்க இசையுலகம் கடைசி வரிசையில் வைத்திருந்தோர் இங்கு முதல் வரிசைக்கு வந்தனர்.

பாடலின் பல்லவி ஓர் உறுதிமொழியாகும். அந்த அரங்கிற் பாடமாட்டேன் என்பதே அதன் பொருள். முதல் வரைவில் அங்கு பாடிய கலைஞரின் பெயர்கள் இடம்பெற்றிருந்தன. பின்னர் அவை நீக்கப்பட்டன. தனிமனிதரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதிலும் பார்க்க, இனிச் செல்லவிருப்போரைத் தடுப்பதே பயனுடையதெனக் கருதப்பட்டது போலும். இவ்வுறுதிமொழியைப் பாடிய ஒவ்வொருவரும் தம் தொழிலில் ஒரு வாயிலைத் தாமே அடைத்துக்கொண்டனர்.

5. வீடியோவின் ஆக்கம்

வீடியோவின் இயக்கத்தில் மூன்று வேறுபட்ட மரபுகள் சந்தித்தன. யொனதன் டெமி 1984இல் 'ஸ்ரொப் மேக்கிங் சென்ஸ்' என்னும் இசைநிகழ்ச்சித் திரைப்படத்தை இயக்கியவர். ஹார்ட் பெரி, கென்ரக்கி மாநில நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தைச் சித்திரித்த 'ஹார்லன் கவுண்ரி' (1976) என்னும் ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளருள் ஒருவர். கொட்லி, கிரீம் ஆகியோர் வீடியோத் தொழில்நுட்பத்திற் புதுமைகளைச் செய்தவர்கள். மேடை இசையைப் படமாக்கும் அனுபவமும், தொழிலாளர் போராட்டத்தைப் பதிவுசெய்த கண்ணும், மின்னணுப் படத்தொகுப்பின் திறனும் ஒரே படத்தில் இணைந்தன.

படத்தின் மூலப்பொருட்கள் இருவகையின. ஒருவகை, நியூயோர்க்கின் தெருக்களிலும் பொதுப் பூங்காவிலும் பாடகரை நடக்கவிட்டு எடுத்த காட்சிகள். மற்றவகை, தென்னாபிரிக்காவிலிருந்து வந்த செய்திப்படங்கள். சவுக்கேந்திய பொலிசார், கலைந்தோடும் மக்கள், பிணவூர்வலங்கள் ஆகியன பாடகரின் முகங்களோடு மாறிமாறி வெட்டி இணைக்கப்பட்டன. இசைத்தட்டிலிருந்து தாளத்தை வெட்டியெடுத்து வேறொன்றோடு ஒட்டும் ஹிப்-ஹொப்பின் முறை இங்கு படத்தொகுப்பின் முறையாகவும் அமைகின்றது. கூடத்தினுள் ஒலிவாங்கியின் முன் கண்மூடி நிற்கும் பாடகனைக் காட்டுவதே அக்காலக் கூட்டுப் பாடற் படங்களின் மரபு. இங்கு பாடகன் தெருவிற்கு வந்து, எதிர்ப்பு ஊர்வலத்தில் ஒருவனாகத் தோற்றமளிக்கின்றான். அவ்வாண்டு ஏப்பிரலில் கொலம்பியாப் பல்கலைக்கழக மாணவர், தென்னாபிரிக்காவோடு தொடர்புடைய முதலீடுகளைக் கைவிடுமாறு கோரி அதே நகரில் ஒரு கட்டடத்தின் வாயிலை மறித்துப் போராடியிருந்தனர். வீடியோவின் தெரு அப்போராட்டத் தெருவுக்குத் தொலைவில் இருக்கவில்லை.

காலச் சூழலும் இப்படத்துக்குத் தனியொரு பெறுமதியை அளித்தது. 1985 ஜூலை 20ஆம் திகதி தென்னாபிரிக்க அரசு பல மாவட்டங்களில் அவசரகால நிலையைப் பிரகடனஞ் செய்தது. நவம்பர் 2ஆம் திகதி, அவசரகால நிலை நிலவிய பகுதிகளிற் கிளர்ச்சிகளைப் படம்பிடிப்பதற்குத் தடை விதித்தது. செய்தி நிறுவனங்களின் கமெராக்கள் அடக்கப்பட்ட மாதங்களில், முன்னர் எடுக்கப்பட்ட காட்சிகளை ஒரு பாடல் வீடியோ திரும்பத் திரும்ப வீடுகளுக்குக் கொண்டுசென்றது. செய்தியின் இடத்தைப் பாட்டு ஓரளவு நிரப்பிற்று.

6. வரவேற்பு

அமெரிக்கப் பாடல் விற்பனைப் பட்டியலில் 'சன் சிற்றி' 38ஆம் இடத்துக்கு மேற் செல்லவில்லை. பல வானொலி நிலையங்கள் அதனை ஒலிபரப்பத் தயங்கின. வெள்ளையர் ரொக் நிலையங்களுக்கு அது மிகக் கறுப்பாகவும், கறுப்பினத்தவர் நிலையங்களுக்கு மிக வெள்ளையாகவும் தோன்றியதெனத் தயாரிப்பாளர் குறைகூறினர். பாடல் எதனைக் கண்டித்ததோ அதன் நிழல் அமெரிக்க வானொலியின் பாகுபாட்டிலும் விழுந்திருந்தது. வானொலி தயங்கிய இடத்தில் வீடியோவே பாடலைச் சுமந்து சென்றது.

இசைத்தட்டின் மூலம் பத்து இலட்சம் டொலருக்கு மேற்பட்ட தொகை கிடைத்தது. அது அரசியற் கைதிகளின் குடும்பங்களுக்கும், நாடுகடந்து வாழ்ந்தோரின் கல்விக்கும், இனவொதுக்கலுக்கு எதிரான இயக்கங்களுக்கும் வழங்கப்பட்டது. 1986 ஒக்ரோபரில் அமெரிக்கப் பாராளுமன்றம், சனாதிபதி றேகனின் தடையதிகாரத்தையும் மீறித் தென்னாபிரிக்காவுக்கு எதிரான பொருளாதாரத் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. இதனை ஒரு பாடலின் விளைவெனக் கூறுதல் வரலாற்று நேர்மையாகாது. 1984 நவம்பரில் வாஷிங்ரனிலுள்ள தென்னாபிரிக்கத் தூதரகத்தின் முன் தொடங்கிய மறியலும், மாணவரதும் தொழிற்சங்கங்களதும் தேவாலயங்களதும் இயக்கங்களும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தென்னாபிரிக்க மக்களின் எழுச்சியுமே அதற்கு அடிப்படை. அவ்வியக்கங்களின் ஒரு குரலாகவே பாடல் பயன்பட்டது.

7. மட்டுப்பாடுகள்

இம்முயற்சியை மதிப்பிடுமிடத்து அதன் குறைகளையும் நோக்குதல் கடனாகும். தென்னாபிரிக்காவின் மலோப்போயற்ஸ் குழுவினரும், சொவெற்றோ எழுச்சியை 1970களிலேயே பாடிய நைஜீரியரான சொனி ஒக்கோசன்ஸும் இசைத்தட்டிற் பங்குபற்றினர். ஆயினும் வீடியோவில் தென்னாபிரிக்க மக்கள் பெரும்பாலும் செய்திப்படத்தின் உருவங்களாகவே வருகின்றனர். பாடுவோர் நியூயோர்க்கில் நிற்க, அடிபடுவோர் சொவெற்றோவில் நிற்கின்றனர். முன்னவருக்குப் பெயருண்டு, பின்னவருக்குப் பெயரில்லை. ஒருமைப்பாட்டுக் கலை பலவற்றுக்கும் பொதுவான இக்குறையினின்றும் 'சன் சிற்றி'யும் தப்பவில்லை.

இதற்கு மறுதலையான எடுத்துக்காட்டு 1986இல் வெளிவந்த போல் சைமனின் 'கிரேஸ்லான்ட்' ஆகும். அதில் தென்னாபிரிக்க இசைஞர் பெயரோடும் இசையோடும் முன்னிற்கின்றனர். ஆனால், யோகனஸ்பேர்க்கிற் சென்று ஒலிப்பதிவு செய்தமையால் அது புறக்கணிப்பை மீறியதென்ற கண்டனத்துக்குள்ளாயிற்று. ஒன்று மறுப்பைக் காத்து, குரலை இழந்தது. மற்றது குரலைப் பெற்று, மறுப்பைத் தளர்த்தியது. 1987இல் ஆபிரிக்கத் தேசிய காங்கிரஸின் தலைவர் ஒலிவர் தம்போ, இனவொதுக்கல் அரசின் பண்பாட்டையும் மக்களின் பண்பாட்டையும் வேறுபடுத்தி நோக்க வேண்டுமெனக் கூறியமை, இம்முரண்பாட்டைத் தீர்ப்பதற்கான முயற்சியாகும்.

நமது வாசகருக்கு நெருக்கமான செய்தி ஒன்றும் இவ்விசைத்தட்டில் உண்டு. இதன் மற்றொரு பாடலை உருவாக்கிய பீற்றர் கேப்ரியலோடு இணைந்து பங்காற்றியவர் வயலின் கலைஞர் எல். சங்கர். அவரது தந்தையார் வி. லக்ஷ்மிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். சங்கரும் அவரது தமையனார் எல். சுப்பிரமணியமும் இளமைப்பருவத்தை அங்கேயே கழித்தனர். 1958ஆம் ஆண்டு இனக்கலவரத்தின் பின் அக்குடும்பம் இலங்கையை விட்டு நீங்கியது. இன வன்முறையாற் பெயர்க்கப்பட்ட ஒரு குடும்பத்தின் பிள்ளை, கால் நூற்றாண்டின் பின், வேறொரு நாட்டின் இனவொதுக்கலுக்கு எதிராக வில்லை எடுத்தமை தற்செயலான நிகழ்வாக இருக்கலாம். எனினும், அந்த இசைத்தட்டை நாம் தொலைவிலிருந்து மட்டும் கேட்க இயலாது.

8. முடிவுரை

1994 ஏப்பிரலில் பொப்புதட்ஸ்வானா தென்னாபிரிக்காவுடன் மீண்டும் இணைக்கப்பட்டது. போலி நாடு மறைந்தது. உல்லாச விடுதி எஞ்சியுள்ளது. ஹிப்-ஹொப் இன்று உலகின் மாபெரும் இசை வணிகங்களுள் ஒன்றாகிவிட்டது. நாடுகள் பலவற்றின் கலைஞர் கூடி ஒரு வீடியோவை எடுத்தல் வழக்கமான தொழில் நிகழ்வாயிற்று. முகங்களின் எண்ணிக்கையையும் படப்பிடிப்புத் தலங்களின் அழகையும் கொண்டே அத்தகைய கூட்டுமுயற்சிகள் அளக்கப்படுகின்றன.

'சன் சிற்றி' நமக்கு வேறோர் அளவுகோலைத் தருகின்றது. இணைந்தோர் எத்தனை பேர் என்பதோடு, இணைவதற்காக அவர்கள் எதனைக் கைவிட்டனர் என்றும் கேட்க வேண்டும். யாருக்காகப் பாடப்பட்டதோ அவர்களின் குரலுக்குப் பாடலில் எவ்வளவு இடம் தரப்பட்டது என்றும் கேட்க வேண்டும். முதல் வினாவுக்கு 1985ஆம் ஆண்டின் கலைஞர் தெளிவான விடையொன்றை அளித்தனர். இரண்டாவது வினாவுக்கு அவர்கள் அளித்த விடை அரைகுறையானது. ஒருமைப்பாட்டின் பெயரால் இன்று பாடுவோரும் படமெடுப்போரும் அவ்விடையை நிறைவுசெய்யும் பொறுப்பை ஏற்கவேண்டியவராவர்.